ஆயாவுக்கு மறதி நோயா? பத்துக் கேள்வி சொல்லிவிடுமா?

இரண்டு காட்சிகளைக் கொஞ்சம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள்.

முதல் காட்சி. சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுபத்திரண்டு வயது ஆயாவை மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறார். "ஏனுங் டாக்டர், அத்தை இப்பல்லாம் அடிக்கடி மறந்து போறாங்க" என்கிறார். இளம் டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பிக்கிறார்.

"ஆயா, இன்னைக்கு என்ன தேதிங்க?"

"தேதியெல்லாம் நமக்கெதுக்குங் சாமி? நாளன்னிக்கு அமாவாசை."

"என்ன மாசம்?"

"ஐப்பசி."

"நூறுல ஏழு போனா எவ்வளவு? அதுல இன்னொரு ஏழு போனா?"

"எனக்குப் படிப்பில்லீங்களே!"

"சரி, இந்தப் படத்தைப் பார்த்து அதே மாதிரி வரைங்க."

பென்சிலே பிடித்தறியாத கை நடுங்குகிறது. கடைசியில் முப்பதுக்குப் பதினாறு மார்க். தாள் சொல்வதை நம்பினால் ஆயாவுக்கு மூளை பாதிப்பு! ஆனால் அதே ஆயா, மகளிர் குழுவில் யார் எத்தனை தவணை பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். எந்த வெள்ளாடு எந்த மாசம் குட்டி போட்டது என்பதும் அத்துப்படி. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தால், அமாவாசை அவர் சொன்ன நாளில்தான் இருக்கிறது!

இரண்டாம் காட்சி. சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்த ரிட்டயர்டு வாத்தியார். அதே கேள்விகளுக்குக் கடகடவென்று பதில். முப்பதுக்கு இருபத்தெட்டு. "சார், உங்களுக்கு ஒண்ணுமில்லை, போய் வாங்க" என்கிறார் டாக்டர். வெளியே வந்ததும் வாத்தியாரின் மனைவி, நர்ஸிடம் தணிந்த குரலில் சொல்கிறார்: "மளிகைக் கடை பாக்கியை ரெண்டு தரம் குடுத்துட்டாரும்மா. போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி, வீட்டுக்கு வர்ற வழி தெரியாம நின்னுட்டாரு. நாப்பது வருஷமா நடந்த வழி..."

நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டியவர் 'பாஸ்'. நல்லபடியாக இருக்கும் ஆயா 'ஃபெயில்'. கற்பனைக் காட்சிகள்தான். ஆனால், இப்படி நடக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. அப்படியென்றால் இந்தக் கேள்வித்தாளே வேண்டாத வேலையா? இல்லை. அது மிகவும் உபயோகமான கருவி. எதற்கு உபயோகம், எதற்கு இல்லை என்பதை நீங்களும் தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்லது.

கேள்வி கேட்டு மூளையைப் பார்ப்பதா?

சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். ஞாபக சக்திக்கு? அதை வேலை வாங்கித்தான் பார்க்க வேண்டும். மூளையை ஸ்கேன் எடுத்தால் படம் கிடைக்கும். அந்த மூளை நேற்று நடந்ததை நினைவில் வைத்திருக்கிறதா என்பது படத்தில் தெரியாது.

1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில், அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டரிடம் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அல்சைமர் அவரிடம் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று கேட்டார். பென்சில், சாவி போன்ற சாமான்களைக் காட்டினார். அந்தப் பெண்மணி ஒவ்வொன்றின் பெயரையும் சரியாகச் சொன்னார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, என்னென்ன காட்டினேன் என்று கேட்டபோது அவருக்கு எதுவும் நினைவில்லை! 1906-ல் இந்தப் பெண்மணியின் மூளையில் கண்ட மாற்றங்களைப் பற்றி அல்சைமர் டாக்டர்கள் கூட்டத்தில் பேசினார். பிற்காலத்தில் அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. ஆக, இந்த நோயைக் கண்டுபிடித்த கதையே கேள்வி பதிலில்தான் ஆரம்பிக்கிறது.

பிறகு இங்கிலாந்தில் ஹாட்கின்சன் என்ற முதியோர் மருத்துவ டாக்டர் 1972-ல் பத்துக் கேள்வி கொண்ட சின்னப் பட்டியலை வெளியிட்டார். 1975-ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹ்யூவும் சேர்ந்து முப்பது மார்க் தேர்வு ஒன்றைத் தயாரித்தார்கள். உலகம் முழுக்கப் பரவியது இதுதான். பத்து நிமிஷ வேலை. இருபத்துநாலுக்குக் கீழே வந்தால் சந்தேகம் என்பது பழைய கணக்கு. 2005-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து 'மோகா' என்ற இன்னொரு தேர்வு வந்தது. ஆரம்பக் கட்டக் குறைகளையும் பிடிக்க இது உதவுகிறது.

ஒவ்வொரு கேள்வியும் எதற்கு?

டாக்டர் சும்மா பொழுதுபோக்காகக் கேட்பதில்லை. ஒவ்வொரு கேள்வியும் மூளையின் ஒரு வேலையைத் தட்டிப் பார்க்கிறது.

நாள், கிழமை, மாசம், இப்போது இருக்கும் ஊர், இடம்: இவை காலமும் இடமும் பிடிபடுகிறதா என்று பார்க்க. அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது காலக் கணக்கு. இடம் குழம்புவது பிறகு.

மூன்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது: காதில் விழுந்ததா, கவனம் இருக்கிறதா என்று பார்க்க.

நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, அல்லது கிழமைகளைத் தலைகீழாகச் சொல்வது: மனதை ஒரே வேலையில் நிறுத்த முடிகிறதா என்று பார்க்க.

கொஞ்ச நேரம் கழித்து அதே மூன்று வார்த்தைகளைக் கேட்பது: இதுதான் முக்கியமான கட்டம். புதிதாகக் கேட்டதைப் பத்திரப்படுத்தும் இடம் மூளையின் உள்பக்கத்தில், காதுக்கு நேர் உள்ளே இருக்கிறது. அல்சைமர் நோய் சீக்கிரமே கை வைப்பது அங்கேதான். அதனால்தான் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று அழகாகச் சொல்லும் பெரியவர், காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார். "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, அதனால ஒண்ணும் இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள்.

பொருளின் பெயர் சொல்வது, சொன்னபடி தாளை மடித்துத் தருவது, படம் வரைவது: பேச்சு, புரிந்துகொள்ளுதல், கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை ஆகியவற்றைப் பார்க்க.

நம்ம ஊர் ஆயா ஏன் 'ஃபெயில்' ஆகிறார்?

ஹாட்கின்சன் பட்டியலில் ஒரு கேள்வி: முதல் உலகப்போர் எந்த வருஷம்? இன்னொன்று: நாட்டை ஆளும் ராஜா அல்லது ராணி யார்? இங்கிலாந்துப் பாட்டிக்குச் சரி. கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு நட்டுக் களை பறித்து வளர்ந்தவருக்கு? அந்தக் கேள்வி ஞாபக சக்தியைப் பார்க்கவில்லை. அவர் பள்ளிக்கூடம் போனாரா என்றுதான் பார்க்கிறது!

இது நாமாகச் சொல்லும் சமாதானம் இல்லை. 1993-ல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் முப்பது மார்க் தேர்வை நடத்திய கணக்கு வெளியானது. ஒன்பது வருஷமோ அதற்கு மேலோ படித்தவர்களில் நடுவில் நிற்பவர் வாங்கிய மார்க் 29. ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களில் 26. நாலு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களில் 22. கவனித்தீர்களா? 24-க்குக் கீழே வந்தால் கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், படிக்காதவர்களில் பாதிப் பேருக்கு மேல் கோளாறுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். மோகா தேர்விலும் இதற்காகவே, பன்னிரண்டு வருஷமோ குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டித் தருகிறார்கள். நம் ஊரில் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர்களுக்கு அந்த ஒரு மார்க் எம்மூலைக்கு?

வாத்தியார் விஷயம் இதற்கு நேர் எதிர். படித்த மூளைக்குச் சேமிப்பு அதிகம். உள்ளே நோய் ஓரளவு பரவிய பிறகும், தேர்வில் நல்ல மார்க் வாங்கிக் காட்டும்.

ஹரியானாவில் ஒரு வழி, வேலூரில் ஒரு வழி

இந்தச் சிக்கலை நம் நாட்டு டாக்டர்கள் விட்டுவிடவில்லை. ஹரியானா மாநிலம் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டாக்டர் மேரி கங்குலியும் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அந்த முப்பது மார்க் தேர்வை இந்திக்கு மாற்றினார்கள். வெளியானது 1995-ல். வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் இருபதிலிருந்து மூன்று மூன்றாக. 'கண்ணை மூடு' என்று எழுதியதைப் படித்துச் செய்வதற்குப் பதில், கேட்பவர் கண்ணை மூடிக் காட்டுவார், அதைப் பார்த்துச் செய்தால் போதும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில், உங்க வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க! எழுத்து தேவையில்லை, புத்தி இருந்தால் போதும்.

நம் பக்கம் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், ஊர்ப்புற மக்களுக்கென்றே சின்னக் கேள்விப் பட்டியல்களைத் தயாரித்து 2009-ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு விசேஷம். ஒரு பட்டியல் பெரியவருக்கு. இன்னொன்று அவரோடு கூட இருப்பவருக்கு!

இந்த இரண்டாவது பட்டியல்தான் நம் கதைக்குச் சாவி. ஆயாவின் மருமகளிடமும் வாத்தியாரின் மனைவியிடமும் ஐந்து நிமிஷம் தனியாகக் கேட்டிருந்தால், தாள் செய்த இரண்டு தப்பும் அங்கேயே தெரிந்திருக்கும். வீட்டுக்காரர் சொல்வது பெரியவருடைய படிப்பைப் பொறுத்தது இல்லை. "முன்னே எப்படி இருந்தார், இப்போ எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதால், அவரை அவரோடுதான் ஒப்பிடுகிறோம்.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் '10/66' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். பெயருக்குக் காரணம், மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்பதுதான். இந்தக் குழு வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் கணக்கெடுத்தது. 2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அமெரிக்க விதிப்படி பார்த்தால், அந்தக் கிராமங்களில் நூறு முதியவருக்கு ஒருவருக்குக்கூட நோய் இல்லை. குழுவின் சொந்த முறைப்படி பார்த்தால் அதைவிடப் பல மடங்கு!

ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்க விதிப்படி, அன்றாட வேலை கெட்டிருந்தால்தான் நோய். நம் வீடுகளிலோ, பெரியவர் கேட்குமுன்னே தட்டில் சோறு விழுகிறது. வேட்டியை மகன் எடுத்துத் தருகிறார். மாத்திரையைப் பேத்தி கொடுக்கிறாள். "உங்க அப்பாருக்கு வேலை ஏதாவது தடுமாறுதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்காரு" என்றுதான் பதில் வரும். அன்பால் நாமே நோயை மூடி வைக்கிறோம். ஆகவே டாக்டர் கேட்கும்போது, "நாங்க பார்த்துக்கறோம், அதனால தெரியலை. விட்டுட்டா அவரால முடியாது" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

சல்லடையில் நின்றதெல்லாம் நோய் இல்லை

ஜவ்வரிசி ஆலையில் சல்லடை பார்த்திருப்பீர்கள். அது உருண்டையை அளவு பார்த்துப் பிரிக்கும், அவ்வளவுதான். சரக்கு எப்படிப்பட்டது என்று சொல்லாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். இந்தக் கேள்வித்தாளும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 2023-ல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வின்படி, நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய். மொத்தம் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். அப்படியானால் ஆயிரம் முதியவர்களில் 74 பேருக்கு நோய், 926 பேருக்கு இல்லை.

நம் கேள்வித்தாள் நல்ல கேள்வித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத பத்துப் பேரில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும். அப்போது, நோயாளிகளில் சுமார் 67 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாதவர்களிலோ சுமார் 93 பேர் பிடிபடுவார்கள்! மொத்தம் 160 பேர் சல்லடையில் நிற்க, அதில் பாதிக்கு மேல் நோயே இல்லாதவர்கள். கூடவே ஏழு நோயாளிகள் நழுவிப் போயிருப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு பாடம். மார்க் குறைந்தால் "போச்சு, எல்லாம் போச்சு" என்று அழ வேண்டியதில்லை. மார்க் நிறைய வந்தாலும், வீட்டில் கண்கூடாக மாற்றம் தெரிந்தால் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழுகூட 2020-ல், எந்தக் குறையும் சொல்லாத முதியவர் எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாமா கூடாதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் அறிவித்தது. ஆனால் பெரியவருக்கோ குடும்பத்துக்கோ சந்தேகம் வந்துவிட்டால் கதையே வேறு. அப்போது தாமதிக்கக் கூடாது.

திருத்தக்கூடிய மறதிகள்

தாமதிக்கக் கூடாது என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் தெரியுமா? மார்க் குறைவதற்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் எத்தனையோ!

காது: குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் முப்பது நாற்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாவது புதிதல்ல. கேள்வியே காதில் விழாதவர் பதில் எப்படிச் சொல்வார்? கண்ணில் புரை இருந்தாலும் இதே கதைதான்.

வைட்டமின் பி12 குறைவு: மாமிசம், முட்டை, பால் சேர்க்காதவர்களுக்கு வரலாம். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். ஊசியோ மாத்திரையோ போட்டால் ஏறும்.

தைராய்டு குறைவு: மந்தம், மறதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மனச்சோர்வு: வாழ்க்கைத் துணையை இழந்தவர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டவர், எதிலும் பிடிப்பில்லாமல் "தெரியலை, தெரியலை" என்பார். மறந்ததால் அல்ல, யோசிக்கவே மனசு வராததால். சிகிச்சை கொடுத்தால் தெளிந்துவிடும்.

மருந்துகள்: தூக்க மாத்திரை, சில சளி அலர்ஜி மாத்திரைகள், சில சிறுநீர்க் கோளாறு மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும். சர்க்கரை மாத்திரை அதிகமாகி ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான்.

தலையில் அடி: டி.வி.எஸ். ஃபிஃப்டியிலிருந்து விழுந்து, "லேசான அடிதான்" என்று விட்டிருப்பார்கள். சில வாரம் கழித்து மண்டைக்குள் மெதுவாகச் சேர்ந்த ரத்தம் மூளையை அழுத்தும். ஸ்கேனில் தெரியும். ஆபரேஷன் செய்து எடுக்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், ஆளைத் தெரியவில்லை, காலையில் தெளிவாகவும் ராத்திரி குழப்பமாகவும் இருக்கிறார் என்றால் அது டிமென்ஷியா இல்லாமல் வேறாக இருக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் நீரும் உப்பும் குறைந்தது, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கும். கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரி!

வீட்டில் எதைக் கவனிப்பது?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. கண்ணாடியைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று விழிப்பது வேறு. கடந்த ஓரிரு வருஷத்தில் இப்படி மாற்றங்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

1. சொன்னதையே, கேட்டதையே அரை மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்வது.

2. பணக் கணக்கில் தடுமாற்றம். சந்தையில் மீதிச் சில்லறை வாங்காமல் வருவது, கொடுத்த பாக்கியை மறுபடி கொடுப்பது.

3. பழகிய வழி தப்புவது. தோட்டத்துக்குப் போனவர் வேறு பக்கம் போய் நிற்பது.

4. கைப்பழக்கமான வேலை கெடுவது. நாற்பது வருஷமாகச் சமைத்தவர் குழம்பில் உப்பை இரண்டு தரம் போடுவது, அடுப்பை அணைக்காமல் விடுவது.

5. புதிய சாமானைப் பழகவே முடியாமல் போவது. மாற்றி வாங்கிய செல்போனோ, மிக்ஸியோ எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் பிடிபடாதது.

6. நோன்பு, விசேஷம், மாத்திரை நேரம், பென்ஷன் நாள் இவற்றை மறப்பது.

7. விருப்பமான காரியத்தில் ஆர்வம் போவது. மாடு கன்று என்றால் உயிராக இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காதது.

8. சுபாவம் மாறுவது. சாதுவானவர் சந்தேகப்படுவது, "என் நகையை மருமக எடுத்துட்டா" என்று பழி சொல்வது.

இதில் இரண்டு மூன்று, புதிதாக வந்து, வரவரக் கூடிக்கொண்டே போனால் டாக்டரைப் பாருங்கள். எட்டாவதைத் தனியாகக் கவனியுங்கள். எத்தனையோ வீட்டில் இதை மாமியார் மருமகள் சண்டை என்றே நினைத்து வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறது. அது நோய் பேசும் பேச்சாக இருக்கலாம்.

பரீட்சை வைக்காதீர்கள்!

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பேரப்பிள்ளைகள் எதிரே "அப்பத்தா, இன்னைக்கு என்ன கிழமை சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். தடுமாறுவது அவருக்கே தெரியும். உள்ளுக்குள் பயந்துபோய்த்தான் இருப்பார். எல்லோரும் சிரித்தால், நாளைக்கு வாயே திறக்க மாட்டார். அடிக்கடி கேட்டால் பதில் மனப்பாடமாகிவிடும். அப்புறம் டாக்டர் கேட்கும்போது உண்மை தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள். கூடவே குடியிருந்து பார்ப்பவர் போக வேண்டும். என்ன மாற்றம், எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையையும், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மறக்காதீர்கள். காலையில் சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். "எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லைங்க" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்விக்குப் பெரியவர் யோசிக்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். குறைகளைச் சொல்ல வேண்டியிருந்தால், அவர் இல்லாதபோது டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. பொது மருத்துவம் அல்லது மனநலப் பிரிவில் ஆரம்பிக்கலாம். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடமும் விஷயத்தைச் சொல்லி, எங்கே போவது என்று கேளுங்கள். மனநலம் பற்றிப் போனில் பேச 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற அரசு எண்கள் உள்ளன.

இன்னொரு விஷயம், கசப்பானது. மார்க் குறைந்துவிட்டது என்பதற்காக ஒருவர் சுயபுத்தி இல்லாதவர் ஆகிவிட மாட்டார். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, நாமே பார்த்துக்கலாம்" என்று சொத்து விஷயத்தில் ஓரங்கட்டுவதும் தப்பு, "சொன்னா சொன்ன இடத்துல கைநாட்டு வைப்பாங்க" என்று அவசரப்படுவதும் தப்பு. தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல முடிகிற காலத்திலேயே அவரைக் கேட்டு, அவர் இஷ்டப்படி ஏற்பாடு செய்வதுதான் மரியாதை. சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இது ஒரு பெரிய லாபம்.

டிமென்ஷியாதான் என்று உறுதியானால்?

அல்சைமர் நோயை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் தடுமாற்றத்தைக் குறைக்கும். ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. பிரஷர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காது கேட்க மெஷின், கண்புரைக்கு ஆபரேஷன், தினமும் நடை, நாலு பேரோடு பேச்சு, புகையும் குடியும் நிறுத்துவது எல்லாமே கைகொடுக்கும். கேஸ் அடுப்பு, கிணற்றடி, வண்டிச் சாவி ஆகியவற்றில் முன்ஜாக்கிரதை வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். அவரும் மனுஷிதானே!

நடுத்தர வயதில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024-ல் லான்செட் நிபுணர் குழு பதினான்கு காரணங்களைப் பட்டியல் போட்டது. படிப்பின்மை, காது மந்தம், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகை, தலைக்காயம், தனிமை, சரிசெய்யாத கண்பார்வை எல்லாம் அதில் உண்டு. இவை அனைத்தையும் சரிசெய்தால், நூற்றுக்கு 45 டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. லாரி ஓட்டுகிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களும் இன்றே பிரஷர் பார்த்துக்கொள்வதும், ஹெல்மெட் போடுவதும், காதுக்குப் பாதுகாப்பு வைத்துக்கொள்வதும் எழுபது வயது ஞாபக சக்திக்குப் போடும் முதலீடு!

கடைசியாக, நம் சேந்தமங்கலம் ஆயாவிடம் திரும்புவோம். டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போட்டு, சத்தமாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஏனுங் ஆயா, உங்க குழுவுல யாரு யாரு பாக்கி?" ஆயா ஒவ்வொரு பெயராகச் சொல்லி, தொகையும் சொல்லி, "இதை வெளியே சொல்லிப்போடாதீங்க சாமி" என்கிறார். காதில் மந்தம். ரத்தத்தில் பி12 குறைவு. அதற்குச் சிகிச்சை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லிச் சீட்டு.

வாத்தியாரையும் மறுபடி கூப்பிட வேண்டும். இந்த முறை அவர் மனைவியை முதலில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.